பிரித்தானியச் சமத்துவ இயக்கங்களும் கூட்டுப் போராட்டமும்

1955ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் துறைமுக நகரங்களுள் ஒன்றான பிறிஸ்ரலிலே, போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் பஸ் பிரிவினர் ஒரு தீர்மானம் நிறைவேற்றினர். நிறத்தவர் எவரையும் பஸ் சாரதிகளாகவோ நடத்துநர்களாகவோ சேர்த்தலாகாது என்பதே அதன் சாரம். தீர்மானத்துக்குக் கையுயர்த்தியவர்கள் உழைப்பை விற்று வயிறு வளர்க்கும் தொழிலாளர்களே. முப்பது ஆண்டுகள் கழிந்தன. 1985ஆம் ஆண்டு யூன் 29ஆந் திகதி, இலண்டன் வீதிகளிலே தன்பாலீர்ப்புடையோர் நடத்திய உரிமை ஊர்வலத்தின் முன்வரிசையில், தென் வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தமது சங்கக் கொடிகளை உயர்த்திப் பிடித்து நடந்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே நடந்தது என்ன? தன்னைப் போலவே உழைப்பவனுக்குக் கதவடைத்த ஒரு தொழிலாளர் இயக்கம், தன்னோடு எவ்வகையிலும் ஒட்டாதவர் என்று உலகம் ஒதுக்கிவைத்த மக்களுக்காக வீதியில் இறங்கியது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒடுக்கப்பட்டோர் யாவரும் இயல்பாகவே ஒன்றுபடுவர் என்றொரு நம்பிக்கை முற்போக்காளரிடையே உண்டு. நல்ல நம்பிக்கைதான், ஆனால் வரலாறு அதனை அப்படியே ஒப்புக்கொள்வதில்லை. ஒடுக்குமுறைக்கு ஆளானவன் மற்றொருவனது துன்பத்தை உணர்வான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. தனக்குக் கிடைத்த அரை வயிற்றுக் கஞ்சியிலும் பங்கு கேட்க வந்தவனாகவே அவனைக் காணவுங்கூடும். பிறிஸ்ரலில் நடந்தது அதுவே.

அந்நகரத்துப் பஸ் கம்பனி அரசுடைமையான நிறுவனம். அங்கே அடிப்படைச் சம்பளம் குறைவு. குடும்பம் நடத்த வேண்டுமாயின் மேலதிக நேர வேலை செய்தே ஆகவேண்டும். ஆட்பற்றாக்குறை உள்ளவரையில் மேலதிக வேலை கிடைக்கும். புதியவர்கள் வந்தால் அது குறைந்துவிடும். இந்த அச்சம் பேரரசுக் காலத்து நிறவெறியோடு கலந்தபோது, கறுப்புத் தோலுடையவன் முதலிற் போட்டியாளனாகவும் பின்னர்ப் பகைவனாகவும் தோன்றினான். அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்து வைத்திருப்பவன் யார் என்ற கேள்வி எழவேயில்லை. கம்பனியோ, பட்டறையிலும் சிற்றுண்டிச்சாலையிலும் நிறத்தவரைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொண்டது. பஸ்ஸில் ஏற்ற மறுத்ததற்குப் பழியைத் தொழிலாளர் தலையிற் சுமத்தியது. சங்கம் பழியைக் கம்பனியின் தலையிற் சுமத்தியது. இருவருக்கும் இடையே நின்று தவித்தவன் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த இளைஞன்.

1963ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கை பெய்லி என்ற இளைஞருக்கு இக்கம்பனியில் நேர்முகப் பரீட்சை ஒன்று ஒழுங்காகியிருந்தது. அவர் மேற்கிந்தியர் என்று அறிந்ததும் பரீட்சை இல்லையென்றாயிற்று. இதனைத் திட்டமிட்டே வெளிக்கொணர்ந்தவர் போல் ஸ்ரீபன்சன் என்னும் இளைஞர் நலப் பணியாளர். ரோய் ஹக்கற், ஓவன் ஹென்றி முதலியோரும் அவரும் சேர்ந்து பஸ் பகிஷ்கரிப்பை அறிவித்தனர். அமெரிக்காவின் மொன்ற்கொமறி நகரத்துக் கறுப்பின மக்கள் 1955இல் தொடங்கிய பகிஷ்கரிப்பே அவர்களுக்கு முன்மாதிரி. ஆனால் பிறிஸ்ரலில் அன்று வாழ்ந்த மேற்கிந்தியர் ஏறத்தாழ 3,000 பேரே. அவர்கள் மட்டும் பஸ்ஸில் ஏறாது விடுவதால் கம்பனி தள்ளாடிவிடாது. ஆகவே மற்றையோரின் துணை இன்றியமையாததாயிற்று.

துணை வந்தது. மே முதலாந் திகதி பிறிஸ்ரல் பல்கலைக்கழக மாணவர் பஸ் நிலையத்துக்கும் சங்க அலுவலகத்துக்கும் ஊர்வலமாகச் சென்றனர். வழியிலே பஸ் தொழிலாளர்கள் அவர்களைக் கேலி செய்து கூச்சலிட்டனர். அந்நகரத்துத் தொழிற்கட்சி அரசியல்வாதியான ரோனி பென் பகிஷ்கரிப்பை ஆதரித்தார். புகழ்பெற்ற கிரிக்கெற் வீரரும் அன்று திரினிடாட் நாட்டின் உயர்ஸ்தானிகராய் இருந்தவருமான லியரி கொன்ஸ்ரன்ரைன் வெளிப்படையாகக் குரல் கொடுத்தார். நான்கு மாதங்களின் பின், ஓகஸ்ட் 27இல், பஸ் தொழிலாளர் ஏறத்தாழ ஐந்நூற்றுவர் கூடி நிறத்தடையை நீக்க இணங்கினர். மறுநாள் கம்பனி அதனை அறிவித்தது. அதே நாளிற்றான் வாஷிங்ரனிலே மார்ட்டின் லூதர் கிங் தமது கனவைப் பற்றிப் பேசினார். செப்ரெம்பர் மாதம் ரக்பீர் சிங் என்னும் சீக்கியர் அந்நகரத்தின் முதலாவது வெள்ளையரல்லாத பஸ் நடத்துநரானார். மேற்கிந்தியர் தொடங்கிய போராட்டத்தின் முதற் கனியை ஆசியர் ஒருவர் பெற்றார் என்பது கருதத்தக்கது.

1965ஆம் ஆண்டு இன உறவுகள் சட்டம் பொதுவிடங்களில் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்தது. வேலைக்கும் வீட்டுக்கும் அச்சட்டம் 1968இலேதான் விரிந்தது. அதே 1968ஆம் ஆண்டு யூன் மாதம், டகனம் என்ற இடத்திலுள்ள போர்ட் மோட்டார்த் தொழிற்சாலையில் கார் ஆசன உறைகளைத் தைக்கும் பெண்கள் 187 பேர் வேலைநிறுத்தஞ் செய்தனர். தமது தொழில் திறன்சாரா வேலையென வகுக்கப்பட்டதையும், அவ்வகுப்பிலுங்கூட ஆண்களின் கூலியில் 85 வீதமே தமக்குத் தரப்பட்டதையும் அவர்கள் எதிர்த்தனர். உறையில்லாமல் ஆசனமில்லை, ஆசனமில்லாமல் காரில்லை. தொழிற்சாலை நின்றது. 92 வீதம் கிடைத்தது. 1970இல் சமசம்பளச் சட்டம் பிறந்தது. ஆயின் அவர்களது தொழில் திறன்சார் தொழிலென ஏற்கப்படுவதற்கு 1984இல் மற்றொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது.

அறுபதுகளில் இப்போராட்டங்கள் யாவும் தனித்தனி ஓடைகளாகவே ஓடின. நிறத்தவர் நிறத்துக்காகவும், பெண்கள் பெண்களுக்காகவும், தொழிற்சங்கத்தார் தம் அங்கத்தவர்க்காகவுமே போராடினர். ஓடைகள் ஒன்றுசேராதிருந்தமையின் கேட்டை அதே 1968 ஏப்ரல் மாதம் காட்டிற்று. ஏனக் பவல் என்னும் பழைமைவாதக் கட்சி அரசியல்வாதி, குடியேறி வந்தோருக்கு எதிராக நஞ்சைக் கக்கிப் பேமிங்ஹாம் நகரிற் பேசினார். கட்சித் தலைவர் அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். உடனே இலண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போயினர். பவல் பதவி இழந்தமையைக் கண்டிப்பதற்காக! தொழிலாளர் வர்க்கத்தின் கால்கள் தம் வர்க்கத்தின் பகைவனுக்காக நடந்த அந்நாள் இடதுசாரிகள் மறக்க விரும்பும் நாள். மறக்கக் கூடாத நாள்.

1974இல் லெஸ்ரர் நகரத்துத் தட்டச்சுப்பொறித் தொழிற்சாலை ஒன்றில் ஆசியத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோதும் அவர்களுடைய சங்கமே அவர்களுக்குத் துணைநிற்க மறுத்தது. திருப்பம் 1976இல் வந்தது.

அவ்வாண்டு கோடை கடும் வெப்பமாயிருந்தது. வட இலண்டனில் கிரன்விக் என்னும் படச்சுருள் கழுவும் தொழிற்சாலையிலே, கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து வந்த இந்திய வம்சாவளிப் பெண்கள் பெருந்தொகையாக வேலை செய்தனர். கூலி குறைவு, மேலதிக வேலை கட்டாயம், மலசலகூடம் செல்வதற்கும் அனுமதி கேட்க வேண்டும். ஓகஸ்ட் 20ஆந் திகதி மாலை ஜயாபென் தேசாய் என்ற பெண்மணி, வேலையை விட்டு வெளிநடந்தார். குஜராத்திற் பிறந்து, தன்சானியாவில் வாழ்ந்து, 1969இல் இங்கிலாந்து வந்தவர் அவர். ஐந்தடி உயரமும் இல்லாதவர். இது தொழிற்சாலையன்று, மிருகக்காட்சிச்சாலை என்றும், இங்கே விரலசைவுக்கு ஆடும் குரங்குகள் மட்டுமல்ல, தலையைக் கவ்வும் சிங்கங்களும் உண்டென்றும் அவர் முகாமையாளருக்குச் சொன்ன சொற்கள் பின்னர் நாடறிந்தவையாயின. 137 தொழிலாளர் அவரோடு நின்றனர். அவர்களுட் சங்கத்தைப் பற்றி ஏதும் அறியாதவரே பலர். வேலைநிறுத்தம் தொடங்கிய பின்னரே அவர்கள் சங்கத்திற் சேர்ந்தனர்.

கிரன்விக்கின் உயிர்நாடி தபால். வாடிக்கையாளர் படச்சுருளைத் தபாலில் அனுப்புவர். படங்கள் தபாலிற் போகும். இதனை உணர்ந்த கிறிக்கிள்வுட் தபால் ஊழியர், சட்டத்தின் அச்சுறுத்தலையும் பொருட்படுத்தாது, அக்கம்பனியின் தபாலைத் தொட மறுத்தனர். 1977 யூலை 11இல் ஏறத்தாழ 20,000 பேர் அச்சிறிய தெருவில் திரண்டனர். யோக்சயர் சுரங்கத் தொழிலாளர் வந்தனர். ஸ்கொட்லாந்திலிருந்தும் தென் வேல்ஸிலிருந்தும் வந்தனர். பெண்ணியவாதிகளும் மாணவரும் வந்தனர். அன்று வந்தோருள் இலண்டன் துறைமுகத் தொழிலாளரும் இருந்தனர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் பவலுக்காக நடந்த அதே துறைமுகத்தின் கொடி, சேலையுடுத்த ஆசியப் பெண்களின் பின்னால் நடந்தது. மனிதர் மாறுவர் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ஆயினும் அப்போராட்டம் தோற்றது. விசாரணைக் குழுவொன்று தொழிலாளரை மீண்டும் வேலைக்கு எடுக்கும்படி பரிந்துரைத்தது, முதலாளி மறுத்தார். 1977 டிசெம்பரில் பிரபுக்கள் சபையின் தீர்ப்பும் முதலாளிக்குச் சாதகமாயிற்று. தொழிற்சங்கத் தலைமை மெல்லப் பின்வாங்கியது. தலைமையகத்தின் வாசலில் உண்ணாவிரதம் இருந்த ஜயாபென்னையும் தோழர்களையும் அவர்களது சங்கமே இடைநிறுத்தியது. 1978 யூலை 14இல் வேலைநிறுத்தம் முடிவுற்றது.

இத்தோல்வியைக் கூர்ந்து நோக்கியவருள் நம்மவர் ஒருவரும் இருந்தார். அம்பலவாணர் சிவானந்தன் 1958ஆம் ஆண்டு இனக்கலவரத்தின் பின் இலங்கையை விட்டு வெளியேறியவர். இலண்டனில் அவர் இறங்கிய வேளையில் நொட்டிங் ஹில் பகுதியில் கறுப்பின மக்கள்மீது வெள்ளையர் கும்பல் தாக்குதல் நடத்திக்கொண்டிருந்தது. தமிழன் என்பதற்காக ஓரிடத்தில் அஞ்சியவர், கறுப்பன் என்பதற்காக மற்றோரிடத்தில் அஞ்ச நேர்ந்தது. இன உறவுகள் நிறுவகத்தில் நூலகராகச் சேர்ந்த அவர், எழுபதுகளில் அதன் இயக்குநராகி, இனமும் வர்க்கமும் பற்றிய ஆய்வேடு ஒன்றையும் நடத்தி, 2018இல் மறைந்தார். கறுப்பு என்பதனைத் தோலின் நிறமாக அன்றிப் போராட்டத்தின் நிறமாகக் கொள்ள வேண்டுமென்பது அவர் கருத்து. ஆபிரிக்கரும் மேற்கிந்தியரும் ஆசியரும் அப்பெயரின்கீழ் ஒன்றுபட வேண்டுமென அவர் வாதித்தார். கிரன்விக்கில் தொழிற்சங்கத் தலைமை போராட்டத்தைக் கையேற்றபோது, இனஒடுக்குமுறை என்ற கேள்வி பின்தள்ளப்பட்டுச் சங்க அங்கீகாரம் என்ற கேள்வியே முன்னிறுத்தப்பட்டது என்று அவர் கண்டித்தார். துணைக்கு வருபவன் போராட்டத்தின் பொருளையே மாற்றிவிடலாம் என்னும் இவ்வெச்சரிக்கை, கூட்டணி அமைப்போர் யாவருக்கும் உரியது.

தோல்வியிலும் உறவு எஞ்சியது. எழுபதுகளின் பிற்பகுதியில் தேசிய முன்னணி என்னும் பாசிசக் கட்சி வீதிகளில் வளர்ந்தபோது, அதனை எதிர்த்து இளைஞரும் இசைக்கலைஞரும் சங்கத்தாரும் குடியேறிய மக்களும் கூடினர். 1979 ஏப்ரல் 23இல் ஆசியர் வாழும் சவுத்தோல் பகுதியில் நடந்த எதிர்ப்பின்போது, நியூசிலாந்திற் பிறந்த பிளெயர் பீச் என்னும் ஆசிரியர் தலையில் அடிபட்டு மாண்டார். அவர் விசேட கவனம் வேண்டிய பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். அவரை அடித்தவர் பெரும்பாலும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரே என்ற பொலிசாரின் உள்ளக அறிக்கை 2010இலேதான் வெளியிடப்பட்டது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. வெள்ளைத் தோலுடைய அவ்வாசிரியருக்குச் சவுத்தோல் வீதியில் என்ன வேலை என்று சிலர் கேட்டிருக்கலாம். ஆசிரியத் தொழில் பாடசாலை மதிலோடு முடிவதில்லை என்பதே அவர் வாழ்வு தரும் விடை.

இனி, முதலிற் கூறிய ஊர்வலத்துக்கு வருவோம். 1984 மார்ச் மாதம் சுரங்கங்கள் மூடப்படுவதை எதிர்த்து நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஓராண்டு நீடித்த அப்போரில் 11,000க்கு மேற்பட்டோர் கைதாயினர். நீதிமன்றக் கட்டளையால் சங்கத்தின் நிதி முடக்கப்பட்டது. ஆகவே ஆதரவாளர் குழுக்கள் சங்கத்தினூடாக அன்றி, நேரே ஒவ்வொரு சுரங்கக் கிராமத்தோடும் தொடர்பு கொண்டன. அரசாங்கத்தின் இம்முடக்கமே அதுவரை சந்தித்திராத மனிதர்களை நேருக்கு நேர் சந்திக்க வைத்தது என்பது வரலாற்றின் விநோதம்.

1984 கோடையில் மார்க் அஷ்டன் என்ற இளம் பொதுவுடைமைவாதியும் மைக் ஜக்சனும், தன்பாலீர்ப்புடையோரின் ஊர்வலத்திலே வாளியேந்திச் சுரங்கத் தொழிலாளருக்குப் பணம் சேர்த்தனர். அதிலிருந்து ஆதரவுக் குழு பிறந்தது. சுரங்கத் தொழிலாளர் நமக்கு என்றாவது உதவினார்களா என்று அவர்களுடைய சமூகத்திலேயே பலர் கேட்டனர். நியாயமான கேள்விதான். ஆனால் மறியலில் நிற்கும் தொழிலாளியை அடித்த பொலிஸ்தடியை அவர்கள் முன்னமே அறிந்திருந்தனர்; அவர்களை இழிந்தோரென ஏசிய பத்திரிகைகளே சுரங்கத் தொழிலாளரை நாட்டின் பகைவர் என்று எழுதின. பகைவன் ஒருவனே என்பதை அவர்கள் நூலிற் படித்தறியவில்லை, தெருவிற் கண்டறிந்தனர்.

தென் வேல்ஸின் டலைஸ் பள்ளத்தாக்குக்கு அவர்கள் பணமும் உணவும் அனுப்பினர். அக்கிராமத்தவரின் சார்பில் டை டொனவன் இலண்டன் சென்று உதவியைப் பெற்றார். பின்னர் இலண்டன்காரர் கிராமத்துக்குச் சென்று தொழிலாளர் வீடுகளிலே தங்கினர். சேர்ந்துண்டனர், சேர்ந்து ஆடினர். டிசெம்பர் 10இல் இலண்டனில் நடந்த நிதியுதவி இசைநிகழ்ச்சியிற் பேசிய டொனவன், நீங்கள் எமது சின்னத்தை அணிந்தீர்கள், இனி நாம் உமது சின்னத்தை அணிவோம் என்ற பொருள்பட உரைத்தார்.

இக்குழுவுக்குள்ளும் முரண்பாடு இருந்தது. ஆண்களே பெரும்பான்மையாக நின்று பேசிய குழுவில் தமக்கு இடமில்லையென உணர்ந்த பெண்கள் வேறாகப் பிரிந்து, சுரங்க மூடலுக்கு எதிரான தமது குழுவை அமைத்தனர். சுரங்கக் கிராமங்களிலும் அதுவரை அடுப்படியோடு நின்ற பெண்கள் மேடையேறினர். அவர்களுள் ஒருவரான ஷான் ஜேம்ஸ் 2005இல் பாராளுமன்ற உறுப்பினரானார். ஒருவனுக்காகப் போராடப் புறப்பட்டவள் தனக்காகவும் போராட வேண்டியிருப்பதைக் கண்டுகொள்வது கூட்டுப் போராட்டத்தின் இயல்பு.

1985 மார்ச் மாதம் சுரங்கத் தொழிலாளர் தோல்வியுற்று வேலைக்குத் திரும்பினர். அஷ்டன் 1987இல் தமது 26ஆம் வயதில் நோயால் மாண்டார். எனினும் தொழிற்கட்சியின் 1985ஆம் ஆண்டு மாநாட்டிலே தன்பாலீர்ப்புடையோரின் உரிமைகளை ஏற்கும் தீர்மானம் நிறைவேறியபோது, சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குகள் அதற்கு விழுந்தன. கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டது என்று சிலர் கூறுவர். கடன் என்பது பொருத்தமான சொல்லன்று. கடனைத் திருப்பிக் கொடுத்தால் உறவு முடிந்துவிடும். இங்கே உறவு தொடங்கிற்று.

தோல்வியின் விளைவுகளும் வந்தன. 1988இல் இயற்றப்பட்ட சட்டத்தின் 28ஆம் பிரிவு, உள்ளூராட்சிச் சபைகள் தன்பாலீர்ப்பை ஊக்குவிக்கலாகாது என விதித்தது. வகுப்பறையிலே துன்புறுத்தப்பட்ட மாணவனுக்கு ஆறுதல் சொல்லவும் ஆசிரியர் அஞ்சும் நிலை அதனால் ஏற்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அப்பிரிவு 2003இலேதான் நீக்கப்பட்டது.

ஐரோப்பியக் கண்டத்தின் சட்ட வரலாறும் இதே படிப்பினையைத் தருகின்றது. 1957ஆம் ஆண்டு உரோம் உடன்படிக்கை ஆண் பெண் சமசம்பளத்தை ஏற்றது. காரணம், தன் நாட்டு ஆலைகள் பெண்களுக்குக் குறைந்த கூலி கொடுக்கும் அயல்நாட்டு ஆலைகளோடு போட்டியிட முடியாதென்று பிரான்ஸ் அஞ்சியமையே. நீதி வணிகத்தின் வாசல் வழியாகவும் நுழைவதுண்டு! தொண்ணூறுகளில் நிறவெறி எதிர்ப்பாளரும் பெண்கள், ஊனமுற்றோர், தன்பாலீர்ப்புடையோர் ஆகியோரின் அமைப்புக்களும் கோரியவை, 1997இற் கைச்சாத்தான ஆம்ஸ்ரடாம் உடன்படிக்கையின் 13ஆம் உறுப்புரையில் ஒரே வாக்கியத்தில் அமைந்தன: பால், இனம், மதம், ஊனம், வயது, பாலீர்ப்பு. ஆனால் 2000ஆம் ஆண்டில் வந்த பணிப்புரைகளோ, இனப் பாரபட்சத்தைத் தொழிலிலும் கல்வியிலும் வீட்டிலும் தடைசெய்து, மதம், ஊனம், வயது, பாலீர்ப்பு என்பவற்றுக்குத் தொழிற்றுறையில் மட்டுமே பாதுகாப்பளித்தன. இவ்வேற்றத்தாழ்வை நீக்க 2008இல் முன்வைக்கப்பட்ட பிரேரணை, எல்லா அரசுகளும் ஒருமனதாக இணங்க வேண்டும் என்ற விதியாற் பல்லாண்டுகள் முடங்கியது. ஒடுக்கப்பட்டோரிடையே படிவரிசை அமைப்பதிற் சட்டமும் வல்லது.

பிரித்தானியாவின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், அதுவரை சிதறிக்கிடந்த சட்டங்களை ஒன்றாக்கி ஒன்பது இயல்புகளைப் பாதுகாப்புக்குரியனவாக வகுத்தது. அவ்வொன்பதில் வறுமை இல்லை. பொருளாதார ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கடமையை அரச நிறுவனங்கள்மீது சுமத்தும் பிரிவொன்று அச்சட்டத்தின் முதலிலேயே இருந்தது. அதை நடைமுறைப்படுத்தப் போவதில்லையென அதே ஆண்டு நவம்பரில் அரசாங்கம் அறிவித்தது. ஸ்கொட்லாந்தில் 2018இலும் வேல்ஸில் 2021இலுமே அக்கடமை உயிர்பெற்றது. கிரன்விக் பெண்கள் நிறத்தால் மட்டும், பெண்மையால் மட்டும், கூலியால் மட்டும் ஒடுக்கப்பட்டவரல்லர். மூன்றாலும் ஒருங்கே ஒடுக்கப்பட்டனர். மனிதனைக் கூறுபோட்டுப் பார்க்கும் சட்டம் அவனது துன்பத்தை முழுமையாகக் காண்பதில்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறுவன யாவை? ஒற்றுமை பிறப்பாற் கிடைப்பதன்று. கடிதத்தைத் தொட மறுத்த தபால் ஊழியனின் கையாலும், வாளியேந்தித் தெருவில் நின்றவனின் காலாலும் ஆக்கப்படுவது. துணைக்கு வருபவர் போராடுவோரின் குரலைத் தமதாக்கிக் கொள்ளலாகாது. வெற்றி தோல்வி என்னும் அளவுகோலால் மட்டும் போராட்டங்களை அளத்தல் தவறு. பிறிஸ்ரலின் வெற்றி பவலின் ஊர்வலத்தைத் தடுக்கவில்லை. கிரன்விக்கின் தோல்வியோ புதிய உறவுகளை ஈன்றது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றுண்டு. 'முதலில் எங்கள் பிரச்சினை தீரட்டும், பின்னர் மற்றையோருடையதைப் பார்ப்போம்' என்ற வாதம் பிறிஸ்ரல் பஸ் தொழிலாளரின் வாதமாகும். அது மேடைகளிலும் ஆசிரியர் அறைகளிலும் நமது செவிகளுக்கும் பழக்கப்பட்ட வாதம். நாமே சில வேளைகளில் மொழிந்த வாதம். தமக்கிழைக்கப்பட்ட அநீதியை நன்கறிந்த மக்கள், தம்மாற் பிறர்க்கிழைக்கப்படும் அநீதியை அறியாதிருப்பது அரிதன்று. பிறிஸ்ரல் தொழிலாளர் எட்டாண்டுகளிற் கற்றுக்கொண்டனர். துறைமுகத் தொழிலாளர் ஒன்பதாண்டுகளிற் கற்றுக்கொண்டனர். நாம் எத்தனை ஆண்டுகள் எடுக்கப் போகின்றோம் என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.